எட்டாம் கேள்விக்கு ஏழுமலை எழுதிய பதில்

போன மாதம் திவ்யா கூப்பிட்டாள். நான் இருபது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். நல்லவள், வேகமானவள்.

"அக்கா, தன்னார்வலர் சேக்கறதுக்குப் புது ஃபார்ம் ரெடி பண்ணிட்டோம். எல்லாம் ஆன்லைன். லிங்க் அனுப்பிருக்கேன், ஒரு தபா பாத்துட்டுச் சொல்லுங்க. அப்படியே உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் குடுத்தீங்கன்னா ஆண்டு மலர்ல போட்டுடுவேன்" என்றாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெயில் போன் திரையைத் தின்றது. முந்தானையால் மறைத்துக்கொண்டு படித்தேன். பெயர், வயது, ஊர், படிப்பு, வாரத்தில் எத்தனை நாள் வர முடியும். எட்டாவதாக ஒரு கேள்வி: உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியுள்ளதா? கீழே இரண்டு வட்டங்கள். ஆம். இல்லை. என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று 'ஆம்' மீது விரலை வைத்தேன்.

ஒன்பதாம் கேள்வி வரவில்லை. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. கீழே கும்பிட்ட இரண்டு கைகளின் படம். அதோடு முடிந்தது.

திவ்யாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "ஃபார்ம் நடுவுல நின்னுபோச்சும்மா."

"நிக்கலக்கா. அப்படித்தான் செட் பண்ணச் சொன்னாங்க. முன்ன நீங்க ஒவ்வொருத்தரையா உக்கார வச்சிப் பேசுவீங்களாமே. இப்ப அந்த வேலையே இல்ல. டைம் மிச்சம்."

"யாருக்கு மிச்சம்?"

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்டதாக நினைத்துக்கொண்டாள். பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கால் நகராது. நர்ஸ் வேலைக்கு ஆகாத உடம்பு இது என்று பயிற்சிக் காலத்திலேயே சொன்னார்கள்.

திவ்யா கேட்ட கட்டுரை இதுதான். ஆண்டு மலருக்கு ஆகாது. ஆகாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நர்ஸ் பயிற்சி, வேலூரில் சில வருடம் வார்டு வேலை, கல்யாணம், இந்த ஊர். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போகும் ஒரு சேவை அமைப்பில் சேர்ந்தேன். முதுகு உடைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், புற்றுநோய் முற்றியவர்கள். ஒரு வேன், ஒரு நர்ஸ், இரண்டு தன்னார்வலர்கள். நர்ஸ் மருந்து கொடுப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். மற்றதெல்லாம் தன்னார்வலர்கள். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, சவரம் செய்வது, நகம் வெட்டுவது, திட்டு வாங்குவது. அந்தத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலையானது.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பார்கள். பேச்சில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சேவை என்று சொல்லும்போது எல்லோர் முகமும் அழகாகத்தான் இருக்கும். நான் நகம் வெட்டச் சொல்வேன். முதல் நாள் வேனில் கூட்டிப்போய், ஒரு நோயாளியின் கையைக் காட்டி, நகவெட்டியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். படுக்கையில் கிடப்பவரின் நகம் தடித்துப் போயிருக்கும், சதைக்குள் இறங்கியிருக்கும். சிலர் பத்து விரலையும் மளமளவென்று வெட்டி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், மார்க் வேண்டும் என்பது போல. சிலர் முதல் விரலை வெட்டியதும் நிமிர்ந்து படுத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்களைத்தான் எடுத்துக்கொள்வேன்.

போலீஸ் நடத்தைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் இருந்தார். சட்டை மடிப்புக் கலையாதவர். முதல் வீட்டிலேயே, புடவை விலகிக் கிடந்த ஒரு கிழவியின் தலைமாட்டில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். வேனைத் திருப்பி அவரைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். இன்னொருவர் மீது வழக்கு இருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியம்மாவை மிரட்டிக் கைரேகை வாங்கிய வழக்கு. அவரையும் வேண்டாம் என்றேன். ஏன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "எங்க ஜனங்க எல்லாம் படுத்துனுதான் இருக்காங்க, உங்கள அங்க அனுப்ப முடியாது." அவர் திட்டிவிட்டுப் போனார். போகட்டும். என்ன செய்தார், எப்போது செய்தார், அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார், நாம் கொடுக்கப்போகும் வேலைக்கும் அதற்கும் ஒட்டு உண்டா. கேட்க வேண்டியவை இந்த நாலும்தான். இதைக் கேட்க ஒரு மூடிய அறை வேண்டும், இரண்டு நாற்காலி வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். திவ்யா மிச்சம் பிடித்திருப்பது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

எங்கள் சேவையில் யாரும் எந்த வீட்டுக்கும் தனியாகப் போனதில்லை. வழக்கு உள்ளவரும் போனதில்லை, இல்லாதவரும் போனதில்லை. நோயாளிக்குப் பாதுகாப்பு என்றால் அதுதான். எங்கள் பழைய காகிதப் படிவத்திலும் வழக்குக் கேள்வி எட்டாவதுதான். எட்டாம் கேள்வி யாரையும் பாதுகாத்ததில்லை.

ஆனால் எங்கள் செயலருக்கு எட்டாம் கேள்விதான் கண். சம்பந்தம் சார். தாசில்தார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு இந்தக் கட்டுரை சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. வருகிற எல்லோருக்கும் நாற்காலி காட்டுவார், டீ சொல்லுவார், பெயரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

புதன்கிழமை காலையில் படிவங்களைக் கொண்டுபோய் வைப்பேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார். படிவக் கட்டை மேசை விளிம்போடு நேராக்குவார். மை பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகுவார். பிறகு, ஒரு படிவத்தையும் படிக்காமல், எட்டாம் கேள்வியின் 'ஆம்' கட்டத்துக்குப் பேனா முனையைக் கொண்டுபோவார். அங்கே டிக் இல்லையென்றால் கையெழுத்து. டிக் இருந்தால் பேனாவை மூடுவார். டக். "பாப்போம்மா" என்பார். இருபது வருடத்தில் அவர் அப்படிப் 'பார்த்த' ஒருவரும் உள்ளே வந்ததில்லை.

நான் என்ன செய்தேன்? சண்டை போட்டிருக்க வேண்டும். கேள்வியையே மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு குறுக்குச் சந்து கண்டுபிடித்தேன். அவர் 'ஆம்' கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார், 'இல்லை' கட்டத்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் காலியாக விட்டால் படிவம் தாண்டிவிடுகிறது. ஆகவே நல்லவர் என்று எனக்குப் பட்டவர்களிடம் வேறு படிவம் கொடுத்து, "எட்டாவத விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேரை அப்படிக் கொண்டுவந்தேன். நாலு பேரும் தங்கம். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமை. கருணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஐந்தாவதாக வந்தவர் ஏழுமலை.

கீழ்பென்னாத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். கடைகளுக்கு மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுபவர். படிவத்தை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுதினார். எட்டாம் கேள்விக்கு டிக் மட்டும் போதும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பின்பக்கம் வரைக்கும் எழுதியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை போல உருட்டி உருட்டி எழுதிய எழுத்து.

'ஆம். என் சித்தப்பா மகனை வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மம்பட்டிக் காம்பால் அடித்தேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். ஏழு வருடம் சிறையில் இருந்தேன். வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது. வேறு வழக்கு இல்லை. சிறையில் நோயாளிகள் வார்டில் வேலை கொடுத்தார்கள். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரியும்.'

கதவைச் சாத்திவிட்டு அவரை உட்கார வைத்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம்.

"ஊர்ல எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் மேடம். செத்தவரு சம்சாரம் என் வண்டியப் பாத்தா இன்னிக்கும் காறித் துப்பும். வேகமா போனா அது ஓடறமாரி ஆயிடும்னு அந்த வூட்டாண்ட ஸ்லோ பண்ணித்தான் போவேன்."

"இந்த வேலை எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச நல்ல வேல இது ஒண்ணுதான் மேடம். உள்ள கத்துக்கினேன். வெளிய யாரும் செய்ய வுட மாட்றாங்க."

நான் எழுந்தேன். புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். எட்டாவதை விட்டுவிடுங்கள்.

அவர் பேனாவைத் தொடவில்லை. "பொய் ஆயிடாதா மேடம்?"

"எழுதாம வுட்டா அது பொய் இல்ல ஏழுமலை."

இதைச் சொன்னது நான். இந்த வாய். உண்மையைச் சொல்ல வந்த மனிதனுக்கு, கதவைச் சாத்திவைத்து, மௌனம் கற்றுக்கொடுத்தேன். அவர் எழுதிக்கொடுத்த படிவத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மடித்து என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். காலிக் கட்டத்துப் படிவம் சம்பந்தம் சார் மேசைக்குப் போனது. கையெழுத்தானது.

ஏழுமலையை ஹயாத் பாய் வீட்டுக்கு அனுப்பினேன். மசூதிக்குப் பின்புறச் சந்தில் வீடு. பம்புசெட் மோட்டார் வேலை பார்த்தவர். கிணற்றுக்குள் விழுந்து முதுகெலும்பு போய், ஒன்பது வருடமாகக் கட்டிலில் இருந்தார். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை, விரல்களிலும் பிடிப்பில்லை, அந்த உயிரெல்லாம் நாக்கில் சேர்ந்திருந்தது. நாங்கள் அனுப்பிய ஆறு பேரைத் துரத்தியிருந்தார். வால் எலும்பு மேல் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஒரு புண்.

நகவெட்டியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஏழுமலை வெட்டவில்லை. முதலில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு வாங்கி, பாயின் விரல்களை ஊறப்போட்டார்.

"இன்னாபா, கை ஊறுகா போடறியா?" என்றார் பாய்.

"நகம் இளகட்டும் பாய். இல்லன்னா சதை பிச்சிக்கும்."

"எங்க கத்துக்கினே?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ஜெயில்ல" என்றார்.

"இன்னா பண்ணே?"

"ஒருத்தர அடிச்சி, செத்துட்டாரு."

"எத்தன வருஷம்?"

"ஏழு."

பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி மும்தாஜ் அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "எனக்கு இது ஒம்போதாவது வருஷம்" என்றார் பாய். "உனுக்காவது வுடற தேதி சொன்னான். தண்ணி ஆறிப்போச்சு பாரு, வெட்டு."

ஏழுமலை வெட்டினார். முதல் விரல் முடிந்ததும் நிமிர்ந்து பாயின் முகத்தைப் பார்த்தார்.

வாரம் மூன்று நாள் போனார், எப்போதும் இன்னொரு தன்னார்வலரோடுதான். உடம்பைத் திருப்பும்போது எங்கே கை கொடுக்க வேண்டும், முழங்கால் இரண்டுக்கும் நடுவில் எப்படித் தலையணை வைக்க வேண்டும் என்று மும்தாஜுக்குச் சொல்லிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் புண் மூடியது. நான் வார்டில் பார்த்த வருடங்களையெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன், அந்த மாதிரிப் புண் வீட்டில் வைத்து மூடி நான் பார்த்ததில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் தங்கும் விடுதி வைத்திருந்த ஒருவர் எங்கள் கமிட்டியில் இருந்தார். அவருடைய டிரைவர் கீழ்பென்னாத்தூர். ஒரு நாள் ஏழுமலை எங்கள் வேனில் இருந்து இறங்குவதை டிரைவர் பார்த்து, பழைய வழக்கை முதலாளியிடம் சொன்னார். அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குச் சம்பந்தம் சார் அறைக்கு ஏழுமலையையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

டீ வந்தது. மூன்று பேருக்கும். ஏழுமலை டம்ளரைத் தொடவில்லை. சார் கண்ணாடியைத் துடைத்தார், படிவத்தை மேசை விளிம்போடு நேராக்கினார், எட்டாம் கேள்வியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைக் கட்டங்கள் இரண்டு.

"ஏழுமலை, நீங்க தண்டனை அனுபவிச்சிட்டு வந்தவரு. அத நான் குத்தமா சொல்லல. குத்தம் பண்ணீங்கன்னு உங்கள நீக்கல. மறைச்சிட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் நீக்கறேன். நம்பிக்கைதான இங்க எல்லாம்."

ஏழுமலை ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். கேட்கிற பார்வை இல்லை. நகம் வெட்டும்போது முகத்தைப் பார்ப்பாரே, அது. வலிக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கைப்பட எழுதிய 'ஆம்' ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், என் இழுப்பறையில் இருந்தது. பத்து எட்டு வைத்தால் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். மற்ற நாலு பேரின் படிவங்களையும் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அது நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். மீதிப் பாதி என் நாற்காலி.

"சரிங்க சார்" என்றார் ஏழுமலை. எழுந்து போய்விட்டார். டக் என்று பேனா மூடியது. டீயை நான் குடித்தேன். குடித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹயாத் பாய்க்குக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரை அனுப்பினேன். "இன்னா சிஸ்டர், மெத்தைய வெயில்ல போடறமாரி தூக்கிப் போடறானுங்க" என்றார். மூன்றாவது வாரம் பழைய இடம் சிவந்தது. நாலாவது வாரம் தோல் விட்டது. மும்தாஜ் யாரையும் கேட்கவில்லை. ஏழுமலைக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். அவரும் வந்துவிட்டார், எங்கள் ஆளாக இல்லை, அவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஆளாக.

அது சம்பந்தம் சார் காதுக்குப் போனது. ஒரு கடிதம் டைப் செய்தார். நாங்கள் நீக்கிய ஒருவர் தொடர்ந்து அந்த வீட்டுக்கு வருவாரானால், எங்கள் நர்ஸ் வருகைக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது. நர்ஸ் என்றால் வலி மாத்திரை. அந்த மாத்திரை கடையில் போய்க் கேட்டால் கிடைக்கிற மாத்திரை இல்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். கொண்டுபோனேன். மும்தாஜுக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறும் என்பதால் நானே படித்தும் காட்டினேன்.

ஏழுமலை கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாயின் இடது கை நகம் வெட்டி முடிந்திருந்தது. வலது கை கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"என் வூட்டுக்கு யாரு வரணும்னு உங்க சாரு யாரும்மா சொல்றதுக்கு?" என்றார் மும்தாஜ்.

பாய் என்னைப் பார்த்தார். "இவன் ஒருத்தன அடிச்சிக் கொன்னான், புடிச்சி உள்ள போட்டாங்க. உங்க சாரு பேப்பர்ல டைப் அடிச்சே என்ன கொல்றாரு. அவர எந்த ஜெயில்ல போடுவீங்க சிஸ்டர்?"

ஏழுமலைதான் பேசினார். "வேணாம் பாய். மாத்திர அவங்க கையில இருக்குது. அது இல்லன்னா நீங்க படற பாட்ட நான் பாத்துகினு இருக்க முடியாது. நான் நின்னுக்கறேன்."

"போடா. நீ போனா புண்ணு ஜாஸ்தி ஆவும், இவங்க போனா வலி ஜாஸ்தி ஆவும். எத வச்சிக்கலாம்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாடா ரெண்டு பேரும்?"

ஏழுமலை பாயின் வலது கையைத் தண்ணீரில் இருந்து எடுத்துத் துடைத்தார். ஐந்து விரலையும் வெட்டி முடித்தார், ஒவ்வொரு விரலுக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து. நகத் துண்டுகளைத் தாளில் பொறுக்கி மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாய் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரால் தானாகத் திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

அன்றைக்கு மத்தியானமே இழுப்பறையைத் திறந்து பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு சம்பந்தம் சார் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். ஏழுமலை மறைக்கவில்லை. எழுதிக் கொடுத்தார். அதை எடுத்து வைத்துவிட்டு வேறு படிவம் கொடுத்தது நான். காலியாக விடச் சொன்னது நான். நீக்குவதானால் என்னை நீக்குங்கள்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். அவர் ஒரு படிவத்தை முழுசாகப் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓரத்தில் இருந்ததைப் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

பிறகு படிவத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "நல்ல மனசுலதான் செஞ்சீங்க வாணியம்மா. உங்கள விட்டா இந்த வேலைக்கு யாரு இருக்கா? இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"அப்ப ஏழுமலை சார்?"

"பாப்போம்மா." டக்.

மறைக்கச் சொன்ன எனக்கு மன்னிப்பு, அரை நிமிடத்தில், கேட்காமலே. சொன்னபடி கேட்டவருக்குக் கதவு. காரணம் தேடிக்கொண்டு நான் எங்கும் போகவில்லை. என் மீது ஒரு காலத்திலும் வழக்கு இல்லை. என் தப்பு, தப்புதான், ஆனால் அது நான் இல்லை. ஏழுமலையின் தப்பு, அவர்களைப் பொறுத்தவரை, ஏழுமலைதான். இருபது வருடம் சேவை சேவை என்று நான் சுமந்துகொண்டு திரிந்தது இந்தக் கணக்கைத்தானா? உண்மையை அன்றைக்குப் பதினொரு மணிக்கே, அந்த டீ ஆறுவதற்குள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. தெரியாமல் போனதும் என்னால்தான்.

ஹயாத் பாய் அதற்கப்புறம் நாலு மாதம் இருந்தார். புண் முதுகுவரை ஏறி, காய்ச்சல் விடாமல் போய்ச் சேர்ந்தார். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து பாயின் ஜனாஸா பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் பக்கம் மும்தாஜோடு நின்று சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். முனையில் வேனை நிறுத்திவிட்டு ஏழுமலை ஓரமாக நின்றிருந்தார். கூட்டம் அவரைத் தாண்டும்போது பாயின் மச்சான் தன் தோளை விலக்கிக்கொண்டு, "வா ஏழுமல, புடி" என்றார். ஏழுமலை தோள் கொடுத்தார். அங்கே எட்டாம் கேள்வி இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன். சண்டை போட்டேனா என்றால், போட்டேன், மனதுக்குள். ஐம்பத்தோரு வயதில் முட்டி வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தம் சாரும் இப்போது பொறுப்பில் இல்லை. பேனா மூடுகிற அந்தச் சத்தம்தான் திவ்யா அனுப்பிய லிங்க்கில் உயிரோடு இருக்கிறது. அவராவது டீ கொடுத்தார்.

இதை எழுதுமுன் ஏழுமலையைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று போன வாரம் கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் துண்டை உதறி வேன் படியில் போட்டு, உட்காருங்கள் என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றால் எழுதவில்லை, பெயரை மாற்றி வேண்டுமானாலும் எழுதுகிறேன் என்றேன்.

"ஏன் மாத்தணும்? அந்த ஃபார்ம்ல என் பேருதான எழுதினேன்." மூட்டைக் கயிற்றை இழுத்துக் கட்டினார். "அந்த மொத ஃபார்ம வச்சிருக்கீங்களா மேடம், கிழிச்சிட்டீங்களா?"

"வச்சிருக்கேன்."

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அதயும் போடுங்க. கொலகாரன்னு சொல்றாங்களா, சொல்லட்டும், அது நான்தான். ஆனா மறைச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்காங்க பாருங்க, அவன் நான் இல்ல."

எட்டு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். வேலையை அல்ல, மன்னிப்பை அல்ல. எழுதிக் கொடுத்தேன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "லோடு ஏத்தணும் மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து திவ்யா அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். இந்தத் தடவை என் பெயரை அடித்தேன், என் வயது, என் ஊர். தன்னார்வலராகச் சேர விருப்பம். எட்டாம் கேள்விக்கு 'இல்லை' என்று தொட்டேன். தொட்ட உடனே அடுத்த பக்கம் திறந்தது. எவ்வளவு சுலபமாகத் திறந்தது. 'வருக, உங்களைப் போன்றவர்கள்தான் எங்கள் பலம்' என்று வந்தது. ஒருவரைப் பொய்யராக்கிவிட்டு டீ குடித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பன்னிரண்டாம் கேள்வியில் முன் அனுபவச் சான்று இணைக்கச் சொல்லியிருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தப் பழைய தாளை மேசையில் விரித்தேன். ஓரத்தில் எழுதியதை ஒரு படம், பின்பக்கம் எழுதியதை ஒரு படம். இரண்டையும் இணைத்தேன். கீழே இருந்த காலிக் கட்டத்தில் அடித்தேன்: 'ஏழுமலை ஆம் என்றுதான் எழுதினார். எடுத்து ஒளித்து வைத்தவள் நான்.'

அனுப்பினேன். கும்பிட்ட கைகள் வந்தன.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திவ்யா. "அக்கா" என்றாள். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டது, அந்த அறையின் ஃபேன், எனக்குத் தெரியும்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பின்பக்கமும்?"

"பின்பக்கமும் படிச்சேன்க்கா."

"சரி. இப்ப அந்த ஒன்பதாம் கேள்விய எல்லாருக்கும் தொறந்து வுடு. அது வரைக்கும் இதே ஃபார்ம நான் தெனம் ஒரு தபா அனுப்புவேன்."

இன்றைக்கு ஆறாவது நாள். இப்போதுதான் அனுப்பிவிட்டு வந்து இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.